முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா: ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் அறுவையைத் தேர்வது

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வந்ததும் மதுரைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, "மொத்தமா எடுத்துட்டா பயமில்லைல்ல?" என்பதுதான். கேட்பது நியாயமே. ஆனால் அதற்கான பதில் பல வீடுகளுக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. ஆரம்ப நிலையில் பிடிபட்ட நோயில், கட்டியைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிட்டு மிச்ச மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தாலும் சரி, மார்பையே எடுத்தாலும் சரி, ஆயுளில் வித்தியாசமில்லை. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? கட்டி எவ்வளவு, மார்பு எவ்வளவு, கதிர்வீச்சுக்குப் போய்வர முடியுமா, அந்தப் பெண்ணுக்கு எது வேண்டும் என்பதை வைத்து. இன்னொன்றும் இருக்கிறது: இந்தத் தேர்வு ஆபரேஷன் மேசையில் நடப்பதில்லை. அதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால், எந்தப் பரிசோதனை எந்த வரிசையில் நடந்தது என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

ஆரம்ப நிலை என்று சொல்வது எதை? கட்டி சுமார் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும். தொட்டால் நகரும், தோலோடும் நெஞ்சுச் சுவரோடும் ஒட்டியிருக்காது. தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிகுழியாக இராது, புண்ணாகியிருக்காது. அக்குளில் நெறி (வீங்கிய நிணநீர்க் கணு) இருந்தாலும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்காது. எலும்பு, நுரையீரல், கல்லீரல் பக்கம் நோய் போயிருக்காது. பைலில் டி1, டி2 என்று எழுதியிருப்பது கட்டியின் அளவு. என்0, என்1 என்பது அக்குள் நெறியின் நிலை. இதைத் தாண்டிய நோய்க்குச் சிகிச்சையின் வரிசையே வேறு. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

பயம் எங்கிருந்து வந்தது

பாட்டி காலத்து மார்பு ஆபரேஷனைப் பார்த்தவர்கள் சொல்வது பொய்யில்லை. அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த முறையில் மார்பகம், அதற்கடியில் உள்ள நெஞ்சுத் தசை, அக்குள் கணுக்கள் என எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார்கள். விலா எலும்பு தெரிய நெஞ்சு குழியும். கை யானைக்கால்போல் வீங்கும். புற்றுநோய் நடுவிலிருந்து வட்டமாகப் பரவுகிறது, எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு தூரம் அதை முந்திவிடலாம் என்பது அன்றைய எண்ணம்.

பின்னால் வந்த அமெரிக்க அறுவை நிபுணர் பெர்னார்ட் ஃபிஷர் அதை மறுத்தார். ஓடிப்போக வேண்டிய செல்கள் ரத்தத்தின் வழியே முன்பே ஓடியிருக்கும். மார்பில் கூடுதலாக வெட்டுவதால் அவை திரும்பி வரப்போவதில்லை என்றார். 1976இல் தொடங்கிய அவரது ஆய்வில் 1,851 பெண்களை மூன்று பிரிவாக்கி 20 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2002இல் வந்த முடிவு: மார்பை முழுதாக எடுத்தவர்களில் 47 சதவீதம் பேரும், கட்டியை மட்டும் எடுத்த இரு பிரிவுகளிலும் (ஒன்றில் கதிர்வீச்சோடு, மற்றதில் அது இல்லாமல்) 46 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். அதே ஆண்டு, இத்தாலியின் மிலான் நகரில் அறுவை நிபுணர் உம்பெர்ட்டோ வெரொனேசி 701 பெண்களிடம் நடத்திய 20 ஆண்டு ஆய்வும் இதையே சொன்னது. அன்றைக்குக் கையில் இருந்த மருந்துகள் குறைவு. இன்று ஆரம்ப நிலை நோயில் பிழைப்பவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் 46, 47 என்ற எண்களைக் கண்டு கலங்க வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆயுள் ஒன்றுதான் என்றாலும் ஒரு விஷயத்தில் வித்தியாசம் உண்டு. அதை மறைத்துப் பேசினால் அது ஆலோசனையாகாது. மிலான் ஆய்வில் 20 ஆண்டுக்குள் அதே பக்கம் நோய் திரும்பியது, மார்பைக் காத்தவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு. முழுதாக எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு. அப்படித் திரும்பினால் அப்போது மார்பை எடுப்பார்கள். ஆக, மார்பைக் காப்பவர் ஏற்றுக்கொள்வது, பின்னால் இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்ற சிறிய வாய்ப்பை. முழுதாக எடுத்தவருக்கும் தழும்பிலோ நெஞ்சுச் சுவரிலோ நோய் திரும்பும் வாய்ப்பு பூஜ்யம் இல்லை.

ஃபிஷரின் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கொடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு. ஆகவே கட்டியை மட்டும் எடுப்பது பாதி வைத்தியம். 'கரண்ட் வைப்பது' என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சும் சேர்ந்தால்தான் அது முழுச் சிகிச்சை.

மூன்று சென்டிமீட்டர் கட்டி யாருக்குப் பெரிது?

கட்டியின் அளவு மட்டும் எதையும் முடிவு செய்யாது. மார்பின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 3 சென்டிமீட்டர் உருண்டைக் கட்டியின் கனஅளவு சுமார் 14 மில்லி. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதை சேர்த்து எடுத்தால் அது 5 சென்டிமீட்டர் உருண்டையாகிறது. கனஅளவு 65 மில்லி, நாலரை மடங்குக்கு மேல். 600 மில்லி அளவுள்ள மார்பில் 65 மில்லி என்பது ஒன்பதில் ஒரு பங்கு. ஆறிய பிறகு ரவிக்கைக்குள் வித்தியாசம் தெரியாது. 250 மில்லி மார்பில் அது கால் பங்குக்கு மேல். குழி விழும், காம்பு ஒருபக்கம் இழுக்கும்.

ஐந்தில் ஒரு பங்குக்குள் எடுத்தால் உருவம் ஓரளவு நிற்கும் என்பது நடைமுறைக் கணக்கு. அதிலும் கட்டி இருக்கும் இடம் முக்கியம். வெளிப்பக்கம், அக்குளை ஒட்டிய பகுதியில் சதை தாராளம். உள்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டிய பகுதியில் கொஞ்சம் எடுத்தாலும் பள்ளம் தெரியும்.

கணக்கு இடித்தால் வழி இரண்டு. ஒன்று, முதலில் கீமோ என்னும் புற்றுநோய் மருந்தைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது. 3 சென்டிமீட்டர் 2 ஆனால், சுற்றுச் சதையோடு எடுக்க வேண்டியது 33 மில்லிதான். அதே 250 மில்லி மார்பில் எட்டில் ஒரு பங்கு சுமார். ஹெர்2 என்னும் புரதம் செல்லில் கூடுதலாக உள்ள ஹெர்2 பாசிட்டிவ் வகையும், அந்தக் கூடுதல் புரதமோ ஹார்மோன் ஏற்பிகளோ இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் வகையும் கீமோவுக்கு நன்றாகச் சுருங்கும். பெண் ஹார்மோனால் வளரும் ஹார்மோன் பாசிட்டிவ் வகை அவ்வளவாகச் சுருங்காது. மற்றொன்று ஆன்கோபிளாஸ்டி: கட்டி எடுத்த பள்ளத்தைப் பக்கத்துச் சதையை நகர்த்தியோ முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்தோ நிரப்புவது. இது எல்லா அறுவை நிபுணரும் செய்வதில்லை. "இதைச் செய்து பழக்கமுள்ளவர் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கத்திக்கு முன்னால் கெட்டுப்போகும் இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தேர்வை இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள்.

முதல் தவறு, என்னவென்று தெரியாமலே கட்டியை எடுத்துவிடுவது. 'சாதாரணக் கட்டிதான்' என்று பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வரும். சுற்றிலும் எவ்வளவு நல்ல சதை எடுத்தார்கள், எந்தப் பக்கம் மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது. கட்டி இருந்த அளவும் போய்விட்டது. வெட்டு விழுந்த இடம் தப்பாக இருந்தால் இரண்டாவது ஆபரேஷனில் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். மார்பைக் காத்திருக்கக்கூடிய பெண்ணுக்கு முழுதாக எடுக்கும் நிலை இப்படித்தான் வந்து சேர்கிறது.

செய்ய வேண்டியது கோர் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, 14 கேஜ் ஊசியால் நூல் கனத்தில் நாலைந்து துண்டு எடுப்பார்கள். அரை மணி நேர வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி மலிவுதான். ஆனால் நோய் பால் குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, வெளியே பரவியதா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அந்த பயத்தால் தள்ளிப்போடும் மாதங்கள்தான் நோயைப் பரவ விடுகின்றன.

இரண்டாவது, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்க்காமல் ஆபரேஷனுக்குப் போவது. இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். கைக்குத் தட்டுப்படும் கட்டி ஒன்று, தட்டுப்படாத இன்னொன்று வேறு மூலையில் இருக்கலாம். உப்புத் தூவியதுபோல் சுண்ணாம்புத் துகள்கள் மார்பு முழுக்க இறைந்து கிடக்கலாம். இவற்றை முன்பே பார்த்தால்தான் மார்பைக் காக்க முடியுமா என்று சொல்லலாம். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களின் மார்பு அடர்த்தியானது, மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும்; அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்பார்கள், சிலருக்கு எம்ஆர்ஐ. கட்டி சிறிது, அக்குள் சுத்தம், உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கையில் இருக்கும் பணத்தை அதில் கரைக்குமுன் எதற்காக என்று கேளுங்கள்.

மூன்றாவது தவறு வினோதமானது: சிகிச்சை நன்றாக வேலை செய்ததால் வருவது. கீமோ கொடுத்ததும் கட்டி முழுதாகக் கரைந்துவிடும். சந்தோஷந்தான். ஆனால் இப்போது அறுவை நிபுணர் எந்த இடத்தை எடுப்பது? அதனால்தான் கீமோ தொடங்குமுன் கட்டியின் நடுவில் அரிசியைவிடச் சின்ன உலோகக் கிளிப் ஒன்றை வைப்பார்கள். பின்னால் மேமோகிராமில் அது இடத்தைக் காட்டும். கிளிப் வைக்காமல் கீமோ முடித்து வந்தவருக்கு, இடம் தெரியாததாலேயே மார்பை முழுதாக எடுக்க நேரிடும். முதல் கீமோவுக்கு முன் "கிளிப் வச்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? இருக்கிறது. இந்தக் கட்டி பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் வளர்ந்து வந்தது. இரண்டு மூன்று வாரம் பரிசோதனைக்கும் யோசனைக்கும் செலவிடுவதால் நஷ்டமில்லை. ஆடி போகட்டும், சித்திரைத் திருவிழா முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று மூன்று மாதம் தள்ளினால் நஷ்டம் உண்டு.

முழுதாக எடுப்பதே சரியான சந்தர்ப்பங்கள்

மார்பின் வெவ்வேறு மூலைகளில் பல கட்டிகள்; சுண்ணாம்புத் துகள் மார்பு முழுக்கப் பரவியிருப்பது; ஒன்றிரண்டு முறை எடுத்தும் ஓரத்தில் நோய் மிச்சமிருப்பது; முன்பு வேறு நோய்க்கு நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியிருப்பது. இவற்றில் பெரும்பாலும் மார்பைக் காக்க முடியாது. கர்ப்பமாக இருப்பவருக்குக் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது. ஆனால் கடைசி மாதங்களில் இருந்தால் அறுவை இப்போது, கதிர்வீச்சு பிரசவத்துக்குப் பின் என்று வகுக்கலாம். ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் உள்ளவர்களின் தோல் கதிர்வீச்சைத் தாங்காமல் போகலாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பரம்பரை விஷயம் தனி. 50 வயதுக்குள் நோய் வந்தவர்கள், ட்ரிபிள் நெகட்டிவ் வகை வந்தவர்கள், குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், இந்த நோய்களைப் பரம்பரையாகக் கொண்டுவரும் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பிராகா மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். குடும்பம் என்றதும் அம்மா, பெரியம்மா, சித்தி என்று மட்டும் எண்ணுவது வழக்கம். மரபணு அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு வந்ததும், அப்பத்தாவுக்கு வந்ததும் கணக்கில் சேரும். பரிசோதனையில் மாற்றம் இருப்பது தெரிந்தால் இரண்டு பக்கமும் எடுப்பது பற்றிப் பேசலாம். மாற்றம் இல்லாதவர் நல்ல பக்கத்தையும் எடுத்துவிடுவதால் ஆயுள் கூடுவதில்லை. மறுபக்கம் புதிதாக நோய் வரும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம்தான்.

இவை எதுவும் இல்லாமல், எல்லாம் தெரிந்த பிறகும், "எனக்கு அது வேண்டாம், எடுத்துருங்க" என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் முழு மரியாதைக்குரிய முடிவுதான். ஆட்சேபிக்க வேண்டியது, அவளிடம் கேட்காமலே எடுக்கப்படும் முடிவை. வராந்தாவில் அண்ணனும் புருஷனும் டாக்டரிடம், "அவகிட்ட சொல்லாதீங்க சார், தாங்க மாட்டா" என்று பேசி முடித்துவிடுவது இங்கே சகஜம். கட்டியைக் கண்டுபிடித்து இதுவரை தாங்கி வந்தவள் அவள்தான். "இந்த வயசுல எதுக்கு" என்பதும் அப்படித்தான். ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று மகன் சொல்ல முடியாது.

முழு நீக்கம் என்பதும் இன்று ஹால்ஸ்டெட் கால ஆபரேஷன் இல்லை. நெஞ்சுத் தசையை விட்டுவிடுவார்கள். கை தூக்குவதில், பாரம் எடுப்பதில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வராது.

அக்குள் தனிக் கணக்கு

மார்பைப் பற்றிப் பேசிப் பேசி அக்குளை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் கையில் வரும் தொந்தரவெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஆபரேஷனுக்கு முன் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால், அதை அக்குளைப் பற்றிக் கேட்கலாம்.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். மார்பிலிருந்து வடியும் நிணநீரும் அப்படித்தான். முதலில் சேர்வது ஒன்றிரண்டு கணுக்களில். அவற்றுக்குக் காவல் கணு என்று பெயர். அங்கே நோய் இல்லையென்றால் கீழே உள்ளவற்றில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆபரேஷன் சமயத்தில் காம்பைச் சுற்றி நீலச் சாயமோ, மிகச் சிறு அளவு கதிரியக்கத் திரவமோ, இரண்டுமோ செலுத்தி, எந்தக் கணு நிறம் பிடிக்கிறது என்று பார்த்து இரண்டு முதல் நான்கு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். பயப்பட ஒன்றுமில்லை, சாயம் வெளியேறுகிறது.

கையால் தொட்டால் நெறி தெரிந்து, ஊசிப் பரிசோதனையில் நோய் உறுதியானால் அக்குளை முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டிவரும். பத்துக்கு மேற்பட்ட கணுக்கள் போகும். கை வீக்கத்தின் வித்தியாசம் இங்கேதான். முழுச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நாளடைவில் கை வீங்குகிறது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்குச் சுமார். தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: மார்பைக் காத்துக் கதிர்வீச்சும் வாங்குகிறவருக்கு, காவல் கணுக்களில் ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும் முழுச் சுத்தத்தைத் தவிர்க்க முடிகிறது. மார்பை எடுத்தவருக்கு அந்தச் சலுகை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 'மொத்தமா எடுத்தா தொந்தரவு விடும்' என்ற கணக்கு அக்குளில் சில சமயம் தலைகீழாகிறது.

அக்குளில் நோய் இல்லாதபோதும் வழக்கத்தின் பேரில் முழுச் சுத்தம் செய்கிற இடங்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "என் அக்குள்ல நெறி இல்லைன்னா, காவல் கணு மட்டும் பாப்பீங்களா?"

கரண்ட் வைக்கப் போய்வர முடியுமா

பழைய முறையில் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 தடவை. இப்போது பெரும்பாலோருக்கு மூன்று வாரம், 15 தடவை போதும்; தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. இள வயதினருக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள். ஒவ்வொரு தடவையும் மேசையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம், சுடாது, வலிக்காது. உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ தினம் வந்துபோவதுதான் பாடு. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி வளாகம் என்று நினைத்து அங்கே போய் இறங்கிவிட வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வெளியூர்ப் பேருந்துக்கு உண்டு. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதை முடித்து வைத்தால் ஆபரேஷன் தேதி தள்ளாது.

தினம் வர வழியே இல்லை, வீட்டில் கைக்குழந்தை, கூட வர ஆளில்லை என்றால் அது உண்மையான காரணம். முழு நீக்கத்தைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் எடுத்துவிட்டால் கரண்ட் தேவையில்லை என்று எண்ணித் தேர்வது ஏமாற்றத்தில் முடியலாம். கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, நான்கு அல்லது அதற்கு மேல் கணுக்களில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் நெஞ்சுச் சுவருக்குக் கதிர்வீச்சு உண்டு. ஒன்று முதல் மூன்று கணுக்களில் இருந்தாலும் பலருக்குச் சொல்வார்கள். கீமோ தேவையா என்பதையும் மார்பை எடுத்தோமா இல்லையா என்பது தீர்மானிப்பதில்லை. கட்டியின் வகையும் கணுக்களும்தான் தீர்மானிக்கின்றன. எதிர்ப்பக்கம் ஒரு விலக்கும் உண்டு: எழுபதை ஒட்டிய வயது, சிறிய கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ், அக்குள் சுத்தம் என்றால், ஹார்மோனுக்கு எதிரான ஐந்தாண்டு மாத்திரையை விடாமல் சாப்பிடுவார் என்ற உறுதியில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்ப்பதுண்டு.

கதிர்வீச்சுக்காகத் தோலில் போட்ட மார்க் அழியக் கூடாது. மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். மதுரை வெயிலுக்கு மார்பின் அடிமடிப்பில் வேர்த்துத் தோல் உரியும். தளர்ந்த பருத்தி ரவிக்கை, ஒற்றி எடுக்கும் துண்டு போதும்.

எடுத்த பிறகு: உருவமும் கையும்

மார்பை எடுப்பவர் புது மார்பு உருவாக்கிக்கொள்வதை அன்றே செய்யலாம், ஓராண்டு கழித்தும் செய்யலாம். வயிற்றுச் சதை, முதுகுத் தசை, சிலிக்கான் என்று வகைகள் உண்டு. கதிர்வீச்சு பட்ட சிலிக்கான் நாளடைவில் இறுகி வலிக்கக் கூடும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் வைத்த சதையைக் கருக்கிவிடும். உருவம் வரும், தொடு உணர்ச்சி பெரும்பாலும் வராது. இதை முன்பே சொல்லாததால் பின்னால் மனம் உடைபவர்கள் உண்டு. ஆபரேஷன் வேண்டாதவர் ரவிக்கைக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பு வாங்கலாம், அல்லது பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பெரிய மார்பு உள்ளவர்களுக்கு எடையும் முக்கியம். ஒருபக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோள் சாயும், கழுத்து வலிக்கும்.

கட்டியை மட்டும் எடுத்தவர் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். முழு நீக்கமோ அக்குள் சுத்தமோ செய்தவர் பக்கவாட்டில் நீர் வடியும் ட்யூபோடும் பையோடும் போவார். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று நோட்டில் குறிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில். சீக்கிரம் எடுத்தால் உள்ளே நீர் கோத்து வீங்கும். ஊசியால் எடுத்துவிடலாம், ஆபத்தில்லை. சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். மேற்கையின் உள்பக்கம் மரத்துக் கிடப்பது அக்குள் வழியே போகும் நரம்பால். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு எப்போதும் இருக்கும்.

மறுநாளிலிருந்தே அந்தக் கையால் தலை சீவலாம், சாப்பிடலாம். ட்யூப் எடுத்ததும் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே நடந்து ஏறும் பயிற்சி, எட்டிய உயரத்தில் தினமும் பென்சில் கோடு. இதைச் செய்யாதவருக்குத் தோள் இறுகிவிடும். கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். தூக்க முடியாமல் சிகிச்சையே தள்ளிப்போவது நடக்கிறது.

அக்குள் சுத்தம் செய்தவர் மல்லிகை பறிப்பவராகவோ, களை எடுப்பவராகவோ, பருத்தி எடுப்பவராகவோ இருந்தால் வேலையை விட வேண்டியதில்லை, படிப்படியாகத் திரும்பலாம். முள் குத்தினால், வெட்டுப்பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போட வேண்டும். சின்னக் காயத்தில் சீழ் வைத்து அதிலிருந்து கை வீங்கத் தொடங்கும். வளையல் அழுத்துவதும், ரவிக்கைக் கை இறுகுவதும் பெரும்பாலும் வீக்கத்தின் முதல் அடையாளம். அப்போதே காட்டினால் கட்டுப்போட்டு, அழுத்தக் கையுறை மாட்டிக் கட்டுக்குள் வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் விட்டது முழுதாக வடியாது.

கையெழுத்துக்கு முன், ரிப்போர்ட்டுக்குப் பின்

சம்மதப் படிவத்தில் வலதா இடதா என்று பாருங்கள். 'தேவைப்பட்டால் முழு மார்பக நீக்கம்' என்ற வரி இருந்தால், எந்த நிலையில் தேவைப்படும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். இடையில் எழுப்பிக் கேட்க மாட்டார்கள்.

எடுத்த சதையில் திசை தெரிய நூல் கட்டுவார்கள். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பதுபோல். அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசி நறுக்கிப் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுநோய் செல் இல்லையென்றால் ஓரம் சுத்தம். பால் குழாய்க்குள் மட்டும் நிற்கும் வகை என்றால் 2 மில்லிமீட்டர் இடைவெளி எதிர்பார்ப்பார்கள். மையில் நோய் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். இது ஆபரேஷன் தோற்றதாகாது; மார்பைக் காக்கும் வழியில் சிலருக்கு வரும் இரண்டாம் படி. இதை முன்பே சொல்லி வைக்காத வீட்டில்தான், "ஒழுங்கா எடுக்கலை" என்று சண்டையில் முடிகிறது.

எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூழ்க வேண்டும், தன்னைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில். வெறும் சலைனில் போட்டு, பஸ்ஸில் அரை நாள் கழித்து மதுரை லேபுக்கு வந்து சேரும் சதையில் ஹார்மோன், ஹெர்2 பரிசோதனைகள் தப்பாக வரலாம். அந்த முடிவை வைத்துத்தான் அடுத்த ஐந்து பத்து ஆண்டுக்கு மாத்திரையே தீர்மானமாகிறது. சதையைக் கையில் கொடுத்து, "நீங்களே லேபுக்குக் கொண்டு போங்க" என்றால் டப்பாவில் ஃபார்மலின் நிறைய இருக்கிறதா, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது மெழுகில் பதித்த சதைக்கட்டையையும் கண்ணாடித் துண்டுகளையும் கேட்டு வாங்கலாம். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வெயில் படாத அலமாரியில் வையுங்கள், மெழுகு உருகும்.